பெரிய சேர்வர் வாங்க முதல் அளந்து பாருங்கோ

தளம் மெதுவாகினால் உடனே "பெரிய சேர்வர் வேணும்" எண்டுதான் சொல்லுகினம். நாங்கள் கேட்பது ஒண்டுதான்: தரவுத்தளத்தை அளந்து பார்த்தீங்களா? மைஎஸ்கியூஎல்லில் மெதுவான குவெரிகளைக் குறித்து வைக்கும் பதிவு, நாங்களாகப் போட்டுவிடாட்டி வேலை செய்யாது. போட்டாலும், எல்லையை மாற்றாவிட்டால் 10 செக்கனைத் தாண்டியவற்றை மட்டுமே எழுதும். 9 செக்கன் இழுக்கும் குவெரி அதில் விழாது.

20 மில்லிசெக்கனில் முடியும் குவெரியும் விழாது. ஆனால் அது நாளுக்கு 10 இலட்சம் தரம் ஓடினால் மொத்தம் 20,000 செக்கன், அதாவது ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல்! ஆகவே ஒருதரம் ஓட எடுக்கும் நேரத்தை, ஓடும் தடவைகளால் பெருக்கிப் பாருங்கோ. சுமை எங்கே எண்டு அப்பதான் தெரியும். கனக்க இடங்களில் சரியான ஒரு இன்டெக்ஸே போதும். அளக்காமல் வாங்கிய சேர்வருக்கு மாதாமாதம் டொலரில் கட்டப்போவது எங்களைப் போன்ற சின்னக் குழுக்கள்தான்.