காயாத மண்ணும் ஒற்றாத முத்திரையும்

வீட்டுவழிக் கல்வியில் வளரும் எட்டு வயதுக் குழந்தையின் 'சிந்துவெளித் திட்டப்பணி' பெரும்பாலும் ஒரே வகையில்தான் முடிகிறது. கூரியரில் வந்த களிமண் பெட்டி திறக்கப்படுகிறது. சதுரமாக ஒரு துண்டு வெட்டி, பல்குத்தும் குச்சியால் அதன்மேல் ஒற்றைக்கொம்பு விலங்கு ஒன்றைக் கீறி, மேலே நான்கைந்து குறிகளை இட்டு, பழுப்பு வண்ணம் பூசிவிட்டால் 'ஹரப்பா முத்திரை' ஆயத்தம். அதன் படம் குழந்தையின் பணித்தொகுப்பில் இடம்பெற்றவுடன் வரலாறு, கலை, கைத்திறன் ஆகிய மூன்று பாடங்களும் ஒரே பிற்பகலில் நிறைவேறியதாகக் கணக்கு எழுதப்படுகிறது.

இதில் ஒரு குறை உண்டு. ஹரப்பா முத்திரைகளில் மிகப் பெரும்பாலானவை களிமண்ணால் ஆனவை அல்ல. அவை மாக்கல்லில் செதுக்கப்பட்டு, பின்னர் சுடப்பட்டு வெண்மையும் கடினமும் பெற்றவை. களிமண் அந்த முத்திரையை ஏற்றுக்கொண்ட பொருள். லோத்தலில் பண்டகசாலை எனக் கருதப்படும் கட்டடத்தில் கிடைத்த களிமண் ஒற்றுகளின் ஒரு பக்கத்தில் முத்திரையின் பதிவும், மறுபக்கத்தில் மூட்டையின் துணியும் கயிறும் அழுந்திய தடமும் காணப்படுகின்றன. யாரோ ஒரு வணிகர் மூட்டையைக் கட்டி, முடிச்சின்மேல் ஈரமண்ணை அப்பி, தம் முத்திரையை அதில் ஒற்றினார் என்பதற்கு அந்த மண்கட்டியே சான்று. குழந்தை செய்த 'முத்திரை' எதன்மேலும் ஒற்றப்படவில்லை. அது முத்திரையும் அன்று, ஒற்றும் அன்று; முத்திரையின் ஒளிப்படத்தைப் பார்த்து மண்ணில் வரைந்த படம்.

சிறு குழந்தையின் விளையாட்டில் இவ்வளவு துல்லியம் தேடலாமா என்று கேட்கப்படலாம். இங்கே இழக்கப்படுவது துல்லியம் மட்டும் என்றால் அக்கேள்வி நியாயமானதே. அதே குழந்தையிடம் ஒரு சோப்புக்கட்டியைக் கொடுத்துச் செதுக்கச் சொல்லி, அதை ஈரமண்ணில் ஒற்றிப் பார்க்கச் சொன்னால் என்ன நிகழும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். வலம் இடமாகிறது, பள்ளம் மேடாகிறது. தன் பெயரைச் செதுக்கிய குழந்தை, ஒற்றில் அது தலைகீழ்த் திசையில் வந்திருப்பதைக் கண்டு திகைக்கிறது. இரண்டாம் முறை கண்ணாடியில் தெரிவதுபோல் எதிர்த்திசையில் எழுதத் தொடங்கி, பாதியிலேயே இடம் போதாமல் கடைசி எழுத்துகளை விளிம்பில் நெருக்கித் திணிக்கிறது. சிந்துவெளி எழுத்து பெரும்பாலும் வலமிருந்து இடமாக ஓடியது என்று அறிஞர்கள் முடிவு செய்ததற்கான சான்றுகளுள் ஒன்று இதுவே: ஒற்றின் வலப்புறத்தில் தாராளமாகத் தொடங்கும் குறிகள் இடப்புற விளிம்பில் நெருங்கிச் சுருங்குகின்றன. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட அடைவு போன்ற பெரும்பணிகளின் அடியில் இருக்கும் ஒரு சிக்கலை, எட்டு வயதுக் குழந்தை தன் விரல் நுனியில் சந்தித்திருக்கும். களிமண் பெட்டி அந்தச் சந்திப்பைத்தான் பறித்துவிட்டது.

மெசொப்பொத்தேமியத் 'திட்டப்பணி'யின் கதையும் வேறன்று. ஆப்பெழுத்தைத் தாளிலிருந்து பார்த்து மண்ணில் வரைகிறார்கள். ஈரமண்ணில் வளைகோடு இழுக்கும்போது கூர்முனை மண்ணை உழுது விளிம்பில் பிசிறு எழுப்புகிறது; நறுக்கிய நாணல் குச்சியை அழுத்தி எடுத்தாலோ தூய ஆப்பு வடிவம் பதிகிறது. தொடக்கத்தில் படங்களாக இருந்த குறிகள் நாளடைவில் ஆப்புகளின் கோவையாக மாறியதில் மண்ணின் இந்த இயல்புக்கும் நாணலின் இயல்புக்கும் பெரும்பங்கு உண்டு. ஆகவே களிமண், எழுத்துப்பாடம் முடிந்தபின் கை அழுக்காக்கிக்கொள்ளும் பொழுதுபோக்கு அன்று. மனிதர் எழுதக் கற்ற முதல் தளங்களுள் ஒன்று அது. காலையில் எழுத்து, மாலையில் மண் என்று நேரம் பிரிக்கும் வீடு, எந்தப் பள்ளியை விட்டு வெளியேறியதாகப் பெருமை கொள்கிறதோ அதே பள்ளியின் கால அட்டவணையைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறது.

இந்த அவசரத்துக்குக் காரணம் பெற்றோரின் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுவழிக் கல்வியைப் பெயர்சொல்லி ஏற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அந்த இடைவெளியில் வாழும் குடும்பம், குழந்தை ஏதோ கற்கிறது என்பதற்கான சான்றை உறவினரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னிடமும், இடைவிடாமல் காட்டிக்கொண்டிருக்க வேண்டியுள்ளது. படமெடுக்கத்தக்க பொருள் அச்சத்துக்கு மருந்தாகிறது. ஆயினும் அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது என்பதால் அதன் விளைவு கல்வியாகிவிடாது. விரிசல் விட்ட பானையைப் பணித்தொகுப்பில் ஒட்டத் துணியாத வீடு, மண் கற்பிக்கும் முதல் பாடத்தையே வெளியே நிறுத்திக் கதவடைக்கிறது.

மண்ணின் முதல் பாடம் காய்தல். பாத் நகரின் கலை ஆசிரியர் வில்லியம் ஹார்பட் 1897இல் 'பிளாஸ்டிசின்' என்னும் காயாத பொருளை உருவாக்கியது சிற்பம் பயிலும் மாணவர்களுக்காக. வேலை முடியும்வரை இறுகாத மண் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தத் தேவை நியாயமானது. மூன்று வயதுக் குழந்தையின் விரல்களுக்கும் அது நல்லதே. ஆனால் பத்து வயது வரையிலும் அதுவே 'களிமண்' என்ற பெயரில் கையில் தரப்படும்போது, பொருளிலிருந்து காலம் நீக்கப்பட்டுவிடுகிறது. எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம், எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை, எதுவும் உடைவதில்லை.

உண்மையான களிமண் தட்டையான நுண்துகள்களால் ஆனது. துகள்களுக்கு இடையிலுள்ள நீர் அவற்றை வழுக்கி நகரவிடுகிறது. நீர் வெளியேறும்போது துகள்கள் நெருங்கி மண் சுருங்குகிறது. பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டை ஈரப்பலகையில் கீறி வைத்து, காய்ந்தபின் அளந்தால், குறைந்திருக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு விழுக்காடு. சதவீதக் கணக்குக்கு இதைவிடத் தெளிவான பயிற்சி எந்தப் பாடநூலிலும் இல்லை. மெல்லிய விளிம்பு விரைந்து காய்கிறது, தடித்த அடி பின்தங்குகிறது, இரண்டுக்கும் நடுவே விரிசல் விழுகிறது. மணல் சேர்த்துப் பிசைந்தால் விரிசல் குறைகிறது. மிகுதியாகச் சேர்த்தால் மண் வளையாமல் முறிகிறது. இவற்றில் ஒன்றைக்கூட யாரும் வாய்ச்சொல்லால் விளக்க வேண்டியதில்லை. குழந்தை மூன்று நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

குழந்தையின் அறிவு வளர்ச்சியை ஆராய ழான் பியாஜே கையாண்டதும் களிமண் உருண்டையையே. உருண்டையைக் குழந்தையின் கண்முன் நீளமாக உருட்டிவிட்டு, மண் கூடியதா, குறைந்ததா, அப்படியே உள்ளதா என்று கேட்டார். வடிவம் மாறினும் அளவு மாறாது என்னும் புரிதல் வயதோடு படிப்படியாக வருவது என்றார். 1969இல் பிரைஸ்-வில்லியம்சும் உடன் ஆய்வாளர்களும் இதே சோதனையை மெக்சிக்கோவில், குயவர் வீட்டுச் சிறுவரிடமும் பிற வீட்டுச் சிறுவரிடமும் நடத்தினர். மண்ணின் அளவு மாறாமையை உணர்வதில் குயவர் வீட்டுப் பிள்ளைகள் முந்தியிருந்தனர். பிற்கால ஆய்வுகள் அனைத்தும் இதே முடிவைத் தரவில்லை. ஒரே ஆய்வை வைத்துக் கோட்டை கட்டவும் கூடாது. எனினும் அது எழுப்பிய கேள்வி நிற்கிறது: அறிவு எங்கே விளைகிறது? ஆய்வகத்தின் மேசையிலா, தாய் மண் பிசையும் முற்றத்திலா?

இந்தியாவில் இக்கேள்வியைச் சாதியைத் தொடாமல் கேட்க இயலாது. மும்பை தாராவியின் கும்பார்வாடா, தில்லி உத்தம் நகரின் குயவர் குடியிருப்பு, கொல்கத்தாவின் குமார்துலி, பெங்களூரின் பாட்டரி டவுன் என, வீட்டுவழிக் கல்விக் குடும்பங்கள் வாழும் பெருநகரங்கள் ஒவ்வொன்றிலும் மண்ணையே வாழ்வாகக் கொண்ட தெருக்கள் உள்ளன. களிமண் பெட்டி அத்தெருக்களைத் தாண்டித்தான் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து சேர்கிறது. ஒரே மண், ஒரே பிசைதல், ஒரே விரல் அசைவு. ஒரு வீட்டில் அதற்குப் பெயர் 'குலத்தொழில்'. மற்றொரு வீட்டில் 'படைப்பாற்றல் வளர்ச்சி'. ஒரு குழந்தை அதிலிருந்து தப்பிக்கப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறது. மற்றொரு குழந்தை அதை நாடிப் பள்ளியிலிருந்து விலக்கப்படுகிறது. சொல் மாறும் இடத்தில் மதிப்பும் ஊதியமும் மாறுகின்றன. மொழியியல் பயில்வோர் கவனிக்க வேண்டிய பெயரிடல் இது.

குயவர் வீட்டுப் பிள்ளை மண்ணிலேயே இருக்கட்டும் என்பது இதன் பொருளன்று. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயிலட்டும் என்றபோது, அது 'குலக்கல்வி' என்று அடையாளம் காணப்பட்டு எதிர்க்கப்பட்டது. 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு சரியானது, இன்றும் சரியானது. பிறப்பின் பேரில் ஒரு குழந்தைமேல் மண்ணைச் சுமத்தியதே அன்று தவறு. மண்ணில் அறிவு உண்டு என்று சொல்லுவது ஒருபோதும் தவறன்று. அந்த அறிவை எடுத்துக்கொண்டு அறிந்தவரைத் தெருவிலேயே விட்டுவிடுவது இன்றைய தவறு.

இங்கே வேதியியலே ஒரு வழியைக் காட்டுகிறது. காய்ந்த களிமண் உருண்டையை நீரில் போட்டால் கரைந்து மீண்டும் சேறாகிறது. சுட்ட உருண்டை கரைவதில்லை. ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசை எட்டும்போது துகள்களின் கட்டமைப்புக்குள் பிணைந்திருந்த நீரும் வெளியேறி, மண் திரும்ப முடியாத மாற்றம் அடைகிறது. வீட்டு அடுப்பறையின் ஓவன் 250 டிகிரிக்கு மேல் பெரும்பாலும் செல்லாது. ஆகவே மண்ணைப் பற்றிய கல்வி வீட்டுக்குள் நிறைவடைய முடியாது. சூளை வேறொருவரிடம் இருக்கிறது. அவரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

பள்ளியைத் துறந்த பெற்றோர் பெரிதும் மேற்கோள் காட்டும் இவான் இல்லிச், 1971இல் பள்ளிக்கு மாற்றாக முன்வைத்தது நான்கு சுவருக்குள் அடைந்த வீட்டை அன்று. பொருள்களையும், திறன் உடையோரையும், உடன் பயில்வோரையும் கற்பவர் தேடி அடையக்கூடிய வலைப்பின்னல்களை அவர் முன்வைத்தார். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைகூட 6 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்கள் புத்தகப் பையின்றிப் பத்து நாள் உள்ளூர்த் தொழில்வல்லாரிடம் பயில வேண்டும் என்கிறது; அது தரும் எடுத்துக்காட்டுப் பட்டியலில் குயவரும் உள்ளார். பள்ளிகள் அதை எவ்வளவு நிறைவேற்றுகின்றன என்பது வேறு கேள்வி. பள்ளியைவிட விரிந்த உலகைத் தருவதாகச் சொல்லும் வீடு, பள்ளிக்கான கொள்கை கேட்கும் அளவுக்குக்கூடத் தெருவில் இறங்கவில்லை என்பது வெட்கத்துக்குரியது.

மறுப்புகள் வரும். அடுக்குமாடி வீட்டில் மண் அழுக்கு என்பர். உலர்ந்த தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் மூச்சுக்கும் கேடில்லை, தரைக்கும் கேடில்லை. குயவருக்கு நேரம் ஏது என்பர். நேரத்துக்கு விலை உண்டு. பியானோ ஆசிரியருக்கும் நீச்சல் பயிற்றுநருக்கும் மாதந்தோறும் தரப்படும் கட்டணம் அவருக்கும் தரப்படட்டும். அரைமணி நேரம் வேடிக்கை பார்த்து, படமெடுத்து, ஒரு விளக்கை விலை குறைத்து வாங்கித் திரும்பும் 'களப்பயணம்' கல்வியன்று; அது மற்றொரு பணித்தொகுப்புப் பக்கம். அவரை ஆசிரியர் என்றே குழந்தை அழைக்கட்டும். சக்கரத்தை 'சாக்' என்றும் சூளையை 'ஆவா' என்றும் இந்தியில் அவர் சொன்னால், அச்சொற்களையே குழந்தை கற்கட்டும். தமிழ் வீட்டுக் குழந்தைக்குப் பானையை 'வனைதல்' என்று ஒரு வினை உண்டு என்பது அந்தச் சக்கரத்தின் அருகில்தான் பொருள்படும். அகராதியில் அது ஒரு பழஞ்சொல்லாகக் கிடக்கும். கை ஈரமாக இருக்கும்போதே அது வினையாகிறது.

வேண்டப்படுவது மிகச் சிறிது. மண் காயட்டும், விரியட்டும், சில நேரம் சூளையில் வெடிக்கட்டும். உடைந்ததும் பணித்தொகுப்பில் ஏறட்டும்; ஏன் உடைந்தது என்று இரண்டு வரி அதன்கீழ் எழுதப்படட்டும். சோப்பில் செதுக்கிய முத்திரை மண்ணில் ஒற்றப்படட்டும். அந்த ஒற்று சுடப்படும் சூளைக்கு உரியவர், குழந்தையின் ஆசிரியர் பட்டியலில் பெயரோடும் ஊதியத்தோடும் இடம்பெறட்டும்.