பிடித்த படம் எங்கே போகிறது?

1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ்ப் பக்கமாயினும், பழைய அகராதிப் பதிவாயினும், திரையில் கண்டதும் படமாகப் பிடித்துக்கொள்வதே இன்று எம் மதுரை மாணவர்களின் குறிப்பெடுக்கும் முறை. எமக்கு இதில் மறுப்பில்லை; ஏடுகளைப் படியெடுத்தோர் வழிவந்தவர்தாமே நாம். ஆனால் பிடித்த படம் எங்கே என்று கேட்டால் பலரும் விழிக்கின்றனர்.

முன்பு பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தியபின் படத்தைப் பெயின்டில் ஒட்டி, பெயரும் இடமும் நாமே கொடுத்துச் சேமிக்க வேண்டியிருந்தது. அத்தொல்லையில் ஒரு நன்மை இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபின், விண்டோஸ் விசையோடு சேர்த்து அழுத்தினால் படம் 'பிக்சர்ஸ்' கோப்புறைக்குள் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்னும் உட்கோப்புறையில் வெறும் வரிசை எண்ணோடு தானே சென்று அமர்கிறது. நூற்பெயரில்லை, பக்க எண்ணில்லை. ஆய்வேட்டின் அடிக்குறிப்புக்கு அப்படம் உதவுமா? போதாக்குறைக்கு அவ்விடம் பெரும்பாலும் சி டிரைவில் உள்ளது. வைரஸ் புகுந்ததென்று கடைக்காரர் சி டிரைவை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவினால் ஓராண்டு உழைப்பும் உடன்போகும்.

மாற்றுவது எளிது. டி டிரைவில் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்குக. பின் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' மீது வலச்சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்' சென்று, 'லொக்கேஷன்' பகுதியில் 'மூவ்' கொடுத்து அதனைக் காட்டுக. பழைய படங்களையும் நகர்த்தவா என்று கணினியே கேட்கும். புதிய கோப்புறையின்றி டி டிரைவையே காட்டிவிடலாகாது. பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு! மேக் வைத்திருப்போர் ஷிப்ட், கமாண்ட், 5 மூன்றையும் சேர்த்தழுத்தி 'ஆப்ஷன்ஸ்' பட்டியலில் இடத்தைத் தேரலாம். 2018இல் வந்த மொஹாவி முதல் இவ்வசதி உண்டு. டி டிரைவும் பெரும்பாலும் அதே வன்தட்டின் ஒரு கூறே என்பதால், பென் டிரைவில் ஒரு படி வைத்துக்கொள்வது நன்று.

இலக்கியம் பேசுமிடத்தில் இஃதெதற்கு என்பார் உளர். யாஹூ தன் குழுக்களின் பழைய மடல்களை நீக்கப்போவதாக 2019இல் அறிவித்து, அவ்வாறே நீக்கியது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய தமிழ்க் குழுக்கள் அங்கே இயங்கியவை. வேறெங்கும் சேமிக்கப்படாத ஓர் இழையை அன்று படம்பிடித்தவர் எவரேனும் இருப்பின், இன்று மூலப்படி அவரிடமுள்ளதே. அது 'ஸ்கிரீன்ஷாட் (47)' என்ற பெயரில் ஏதோவொரு சி டிரைவில் கிடக்குமாயின், அவரேனும் அதைத் தேடி எடுத்துவிடுவாரா?