முதலில் கண்ணைச் சோதியுங்கள்



விமானி ஆவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் 18 வயது, 200 மணி நேரப் பறத்தல், வானிலையியல் தேர்வு எல்லாம் சரியாக வந்திருந்தன. மருத்துவத் தகுதி மட்டும் கடைசி வரியில் ஒதுங்கிவிட்டது. அதுதான் முதலில் வர வேண்டியது.

என் தங்கை மகனுக்காக நிலத்தை அடகு வைத்து ஒரு பயிற்சிப் பள்ளியில் முன்பணம் கட்டினோம். மருத்துவச் சான்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் பள்ளியில். பிறகு சோதனைக்குப் போனபோது, வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகத்தை மருத்துவர் விரித்தார். முதல் பக்கத்து 12 எல்லோருக்கும் தெரிவது, அவனும் சொன்னான். அடுத்த பக்கத்தில் எனக்கு 8 தெரிந்தது. அவன் 3 என்றான். சிவப்பு-பச்சை நிறக்குறை. 19 வயது வரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கட்டிய பணமும் திரும்பவில்லை.

கண்ணாடி அணிகிறவர்கள் கலங்க வேண்டாம்; விதித்த அளவுக்குள் இருந்தால் அது தடையில்லை. நிறக்குறை வேறு. ஓடுபாதை விளக்குகளையும், கட்டுப்பாட்டுக் கோபுரம் காட்டும் சிவப்பு, பச்சை ஒளியையும் விமானி பிரித்தறிந்தே ஆக வேண்டும்.

பெற்றோர்களே, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனை, அதன்பின் முதல் வகுப்பு மருத்துவச் சோதனை முடித்துச் சான்று கைக்கு வந்த பிறகே பள்ளிக்குப் பணம் கட்டுங்கள்.

– ஒரு தாய்மாமன், திருமங்கலம்