நன்றாக இல்லை என்றால் போதுமா?

திரையரங்கிலிருந்து வெளியே வருகின்ற ஒருவரிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி, "படம் எப்படி?" என்பதேயாகும். கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகின்றது. "அருமை" என்பார் ஒருவர். "அறுவை" என்பார் மற்றொருவர். இன்றைய மாணவர் வழக்கில் இவை "மாஸ்" என்றும் "மொக்கை" என்றும் உருமாறியுள்ளன. தேநீர்க் கடையிலும், பேருந்து நிறுத்தத்திலும், ஆசிரியர் ஓய்வறையிலும், இஷாத் தொழுகைக்குப் பின் தெருத் திண்ணையில் கூடும் பெரியவர்களிடத்தும் இவ்வொற்றைச் சொல் தீர்ப்பு நாள்தோறும் வழங்கப்பெறுகின்றது.

திரைப்படமே வேண்டா என்று ஒதுங்கி வாழும் பெரியோரும் நம்மிடையே உண்டு. அவர்தம் நிலைப்பாட்டை மதிக்கின்றேன். ஆயினும், படம் நுழையாத வீட்டிலும் படத்தைப் பற்றிய பேச்சு நுழைந்துவிடும் காலம் இது. ஆகவே, எளிய பார்வையாளர் சொல்லும் கருத்து எத்தகையது, அதற்கு மதிப்பு உண்டா, அது எங்கே தவறுகின்றது என்பவற்றை எண்ணிப் பார்ப்பது தமிழ்த்துறையின் பணிகளுள் ஒன்று எனக் கருதுகின்றேன்.

உம்மாவின் திறனாய்வு

படித்தோர் சிலர் எளியோர் கருத்தை எள்ளி நகையாடுவர். அவர்களுக்கு என் உம்மாவைச் சான்றாகக் காட்ட விரும்புகின்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பான 'எதிர்நீச்சல்' தொடரை அவர் தவறவிட்ட நாள் அரிது. படித்த பெண்கள் ஒரு பெரிய வீட்டிற்கு மருமகள்களாக வந்து, வீட்டின் மூத்த ஆணான ஆதி குணசேகரனின் ஆதிக்கத்தின்கீழ் அடுப்படியில் முடங்குவதும், பின்னர் மெல்ல எதிர்த்து எழுவதுமே அத்தொடரின் கதை. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் நாள் காலமானார். செய்தி கேட்டு உம்மா கண் கலங்கினார்.

"அந்த மனுசனைத் திட்டாத நாளே இல்லையே உம்மா, இப்ப அழுவுறீங்களே?" என்று கேட்டேன்.

"திட்டுனது குணசேகரனை வாப்பா, அழுவுறது மாரிமுத்துக்கு" என்றார்.

நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்பதை வகுப்பறையில் விளக்க எனக்கு ஒரு முழுப் பாடவேளை தேவைப்படும். உம்மா அதை ஒரு வரியில் முடித்துவிட்டார். மற்றொரு நாள், "இந்தப் புள்ளைங்க ஒரு அடி முன்னால வச்சா, மறுநாளே ரெண்டு அடி பின்னால இழுத்துடுறாங்க. கதை முடிஞ்சிடக் கூடாதுல்ல?" என்று சலித்துக்கொண்டார். நாள்தோறும் ஒளிபரப்பாக வேண்டிய தொடருக்கு முடிவு என்பது எதிரி. ஆகவே பாத்திரங்களின் வளர்ச்சியே அதற்கு இரையாகின்றது என்னும் வடிவச் சிக்கலைத்தான் அவர் சுட்டினார். கருத்தைச் சொன்னார், உடனே காரணத்தையும் சொன்னார். காரணம் உடன் வந்தமையால் அது திறனாய்வு ஆயிற்று.

தொல்காப்பியர் காட்டும் நெறி

பார்ப்பவர் உள்ளத்து உணர்ச்சியை ஆராய்வது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகின்றது. மாணவர் பலர் இவ்வெட்டையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்து அத்துடன் நின்றுவிடுகின்றனர். தொல்காப்பியரோ அத்துடன் நிற்கவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாட்டிற்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுத்து முப்பத்திரண்டாக விரித்தார். அழுகை என்றால் அது இளிவால் வந்ததா, இழவால் வந்ததா, அசைவால் வந்ததா, வறுமையால் வந்ததா? பிறர் இகழ்ந்ததால் வரும் கண்ணீர் வேறு. உற்றாரை இழந்ததால் வரும் கண்ணீர் வேறு. முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் வரும் கண்ணீர் வேறு. இல்லாமையால் வரும் கண்ணீர் வேறு.

"படம் பார்த்து அழுதேன்" என்பது கருத்து. "இன்னதனால் அழுதேன்" என்பது அறிவு. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் வழியைத் தொல்காப்பியர் எப்போதோ அமைத்துவிட்டார். அவ்வழியில் நடப்பதற்குப் பட்டம் எதுவும் வேண்டுவதில்லை. உம்மா நடந்தார் அல்லவா?

தீர்ப்பும் தொழிலும்

காரணமில்லாக் கருத்துக்கும் இன்று பெருவலிமை வந்துவிட்டது. 2024 செப்டம்பர் 27இல் வெளிவந்த 'மெய்யழகன்' படத்தைப் பலர் பாராட்டினர். எனினும் "நீளம்" என்றும் பலர் கூறினர். சில நாட்களுக்குள் ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகள் குறைக்கப்பட்டன. சொத்துப் பிணக்கால் ஊரைவிட்டுப் போன ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு திருமணத்திற்காகத் தஞ்சைப் பக்கம் திரும்பி வருகிறார்; யாரென்று பெயர் நினைவுக்கு வராத உறவினன் ஒருவனின் அன்பில் ஓர் இரவைக் கழிக்கிறார். கதை இவ்வளவே. நிதானம்தான் அதன் உயிர். "நீளம்" என்றவர்களுள் எத்தனை பேர் எந்த இடத்தில் தம் மனம் விலகியது என்று சொன்னார்கள்? அதைச் சொல்லியிருந்தால் இயக்குநருக்கும் பயன்பட்டிருக்கும். சொன்னவருக்கும் தம் மனம் விளங்கியிருக்கும்.

அவ்வாண்டு நவம்பரில், திரையரங்க வளாகத்தில் பார்வையாளரிடம் கருத்துக் கேட்டுப் படம்பிடிப்பதை அனுமதிக்க வேண்டா எனத் தயாரிப்பாளர் சங்கம் திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்குத் திறனாய்வுகளைத் தடுக்கக் கோரிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. காசு கொடுத்துப் பார்த்தவன் கருத்துச் சொல்லக் கூடாது என்பது முறையன்று. ஆனால் கருத்தை அடைக்க வேண்டா என்று வாதாடும் நாம், கருத்தைச் செம்மைப்படுத்தும் கடமையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒலிவாங்கி முன்னால் நீட்டப்பட்டதும் உரத்த குரலில் ஒரு சொல்லை வீசிவிட்டுப் போவது உரிமையின் மிகச் சிறிய பகுதியே ஆகும்.

ஒரு மாணவனின் மௌனம்

இச்சிக்கல் என் உள்ளத்தைத் தைத்தது வேறோர் இடத்தில். வகுப்பு தொடங்குமுன் மாணவர்கள் புதிதாக வந்த ஒரு படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். படத்தின் பெயர் ஈண்டு வேண்டா. எல்லாரும் புகழ்ந்தனர். கடைசி இருக்கையில் இருந்த மாணவன் ஒருவன் மட்டும், "எனக்குப் பிடிக்கல" என்றான். "ஏன்?" என்று கேட்டனர். அவன் பேசவில்லை. உடனே ஒருவன் சிரித்துக்கொண்டே, "வில்லன் முஸ்லிம்ல, அதான்" என்றான். வகுப்பு சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அச்சிரிப்பை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

மாலையில் அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் தயங்கியபின், "வில்லன் யாரா வேணாலும் இருக்கட்டும் ஐயா. அவன் துப்பாக்கி எடுக்கிறப்ப வர்ற அதே மியூசிக், ஒரு கிழவர் தொழுதுட்டு இருக்கிறப்பவும் வருது. அந்தக் கிழவர் கதையிலேயே இல்ல" என்றான்.

எத்துணை நுட்பமான கருத்து! கதையில் குற்றம் எதுவும் செய்யாத ஒருவர் மீது பின்னணி இசை குற்றத்தைச் சுமத்துகின்றது என்பதை அவன் கண்டுகொண்டான். அச்சத்திற்குத் தொல்காப்பியர் கூறும் களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு. தொழுகின்ற முதியவர் அவற்றுள் எதிலும் அடங்கமாட்டார். அப்படியானால் அவரைக் கண்டு அஞ்சுமாறு நம்மைத் தூண்டுவது யார், எதற்காக என்னும் வினா எழுகின்றதல்லவா? வகுப்பில் எழுந்திருக்க வேண்டிய வினா அது. சொல் கிடைக்காமையால் அவன் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அந்த வெற்றிடத்தை வேறொருவன் தன் விருப்பம்போல் நிரப்பிவிட்டான்.

நான் உணர்ந்த உண்மை இதுதான்: தன் காரணத்தைத் தானே சொல்லாதவனுக்குப் பிறர் காரணம் கற்பிப்பார்கள். அவன் பெயரைப் பார்ப்பார்கள், ஊரைப் பார்ப்பார்கள், சாதியையோ சமயத்தையோ பார்ப்பார்கள், அவற்றிலிருந்து ஒரு காரணத்தை உருவி எடுத்து, "இவன் இதனால்தான் இப்படிச் சொல்கிறான்" என முடித்துவிடுவார்கள்.

என் பிழை

பிறர் நமக்குச் செய்வதை மட்டும் சொல்லி, நாம் செய்ததை மறைப்பது அறமன்று. 2013 சனவரியில் 'விஸ்வரூபம்' திரைப்படம் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. சில காட்சிகளும் ஒலிகளும் நீக்கப்பட்ட பின்னர் பிப்ரவரி 7ஆம் நாள் இங்கு வெளியானது. அப்போது நான் இளம் ஆசிரியன். படத்தைப் பார்க்காமலேயே பல இடங்களில் கடுமையாகப் பேசினேன். அதை ஆதரித்துப் பேசிய நண்பர் ஒருவரை, "நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள்" என்று கூறி வாயடைத்தேன். பின்னர்தான் படத்தைப் பார்த்தேன். சமயத்தின் அடையாளங்களையும் வன்முறையையும் அருகருகே வைப்பது பற்றிய என் வருத்தம் பார்த்த பின்பும் நின்றது. ஆனால் கதைத் தலைவனே ஒரு முஸ்லிம் என்பதையும், அவனது தொழுகை மதிப்போடு காட்டப்பட்டிருப்பதையும் நான் என் பேச்சில் எங்கும் கணக்கில் எடுக்கவில்லை. என் வாதத்தில் ஒரு பாதி நின்றது, மறுபாதி விழுந்தது. படத்தைப் பார்த்துவிட்டுப் பேசியிருந்தால், நிற்கத்தக்க பாதியை இன்னும் வலிமையாகச் சொல்லியிருப்பேன், நண்பரையும் இழந்திருக்கமாட்டேன்.

பெயருக்கு முன் செயல்

2023இல் வெளிவந்த 'அயோத்தி' திரைப்படத்தை இவ்விடத்தில் நினைக்கின்றேன். மந்திரமூர்த்தி இயக்கிய படம் அது. வடநாட்டிலிருந்து இராமேசுவரத்திற்குப் புனிதப் பயணம் வந்த குடும்பத்தில், தாய் விபத்தில் இறந்துவிடுகிறார். தீபாவளி விடுமுறையில் மொழி தெரியாமல் தவிக்கும் அக்குடும்பத்திற்காக, முன்பின் அறியாத ஒருவன் அலைந்து திரிந்து, உடலை ஊருக்கு அனுப்பி வைக்கிறான். அவன் பெயரை இறுதியில்தான் கேட்கிறார்கள். "அப்துல் மாலிக்" என்கிறான்.

படத்தின் நடுவே வருகின்ற கண்ணீர் இழவின் பாற்பட்டது. இறுதியில் வருகின்ற கண்ணீரோ அழுகையைச் சார்ந்ததன்று. கொடையை நிலைக்களனாகக் கொண்ட பெருமிதம் அது. பெயரை முதலிலேயே சொல்லியிருந்தால் பார்வையாளருள் சிலர் அவன் செயலுக்கு ஒரு காரணத்தைக் கற்பித்திருப்பர். செயலை முழுவதும் காட்டிவிட்டுப் பெயரைச் சொன்னமையால் அவர்களுக்கு வேறு வழியில்லாமற் போயிற்று. ஒரு மனிதனின் கருத்தையும் நாம் இவ்வாறே கேட்க வேண்டும். காரணத்தை முழுவதும் கேட்டுவிட்டு, அதன் பின்னரே பெயரைப் பார்க்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு படத்தையோ தொடரையோ பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுமுன், ஒரு காட்சியைக் குறிப்பிடுங்கள். அது உங்களுள் எழுப்பிய உணர்ச்சியைச் சொல்லுங்கள். அவ்வுணர்ச்சி எதனால் எழுந்தது என்பதைச் சொல்லுங்கள். மூன்று வாக்கியங்கள் போதும். பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பிள்ளை "பிடிக்கவில்லை" என்றால், "ஏன்?" என்று கேளுங்கள், கேட்டபின் விடை வரும்வரை பொறுத்திருங்கள்.

அந்த மாணவனிடம், என்னிடம் சொன்னதையே ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னேன். துறையின் தமிழ் மன்றக் கூட்டத்தில் அவனே அதை வாசித்தான். குரல் நடுங்கியது, ஆயினும் கடைசி வரி வரை வாசித்து முடித்தான். கூட்டம் முடிந்ததும், அன்று சிரித்த மாணவன் அவனருகில் சென்று, "நான் அந்த மியூசிக்க கவனிக்கவே இல்லடா, இன்னொரு தடவ பாக்குறேன்" என்றான்.

அவன் கருத்து மாறியதா என்று நான் கேட்கவில்லை. மறுபடியும் பார்க்கிறேன் என்று சொன்னதே எனக்குப் போதுமானதாக இருந்தது.