தொழிற்சாலை போடாத துளைகள்

சென்ற மாதம் வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் துறையின் பழைய கிடங்கைக் காலி செய்தார்கள். கபாடிவாலாவின் தராசில் ஏறியவற்றுள் ஒரு பிசி-348 வானொலி ஏற்பியும் இருந்தது. செய்தி கேட்டு நான் போய்ச் சேர்வதற்குள் அலுமினிய உறை வேறாகவும் செம்புக் கம்பிகள் வேறாகவும் பிரிந்துவிட்டன.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் பறந்த கருவி அது. விமானத்தின் 28 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குவதற்காக உள்ளே ஒரு சிறு சுழல்மின்னாக்கி வைத்திருந்தார்கள். போர் முடிந்தபின் இவை உபரிச் சரக்காகச் சந்தைக்கு வந்தன. வாங்கிய ஹாம்கள் முதலில் செய்தது, அந்த மின்னாக்கியைக் கழற்றிவிட்டு வீட்டு மின்சாரத்துக்கேற்ற மின்மாற்றியைப் பொருத்தியதுதான். அதற்காகத் தகட்டில் துளையிட்டார்கள். புதிய கருவிகளின் இறக்குமதி எளிதாக இல்லாத நம் நாட்டில், ஒரு பெட்டி கைமாறும்போதெல்லாம் துளைகள் கூடின.

இக்கருவிகள் மீதான ஈர்ப்பை வெறும் பழமைமோகம் என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வால்வு வானொலியை அறியாத தலைமுறையினரும் இவற்றைத் தேடுகிறார்கள். தாம் காணாத காலத்துக்காக அவர்கள் ஏங்க முடியாது. இன்றைய மென்பொருள் வானொலியில் பெரும்பகுதி வேலை சில சில்லுகளுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. ஆம்ஸ்ட்ராங் 1918இல் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையையோ இப்பெட்டிகளில் கண்ணால் பின்தொடரலாம்: அலை நுழையும் இடம், உள்ளலைவோடு கலக்கும் இடம், இடைநிலை அதிர்வெண்ணில் பெருகும் இடம், ஒலியாகப் பிரியும் இடம். பழுதானால் எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடிக்கலாம். (ஆர்வத்தில் உடனே மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், மின்தேக்கிகள் கிழடானவை. ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை செய் என்பது மூத்த ஹாம்களின் விதி.)

சேகரிப்பாளர்களோடும் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் பெட்டிக்கே அவர்கள் விலை தருகிறார்கள். துளை விழுந்ததைக் கெட்டுப்போனது என்கிறார்கள். இந்திய அறிவியல் வரலாற்றை ஆராய்பவனுக்கு அத்துளைகள்தாம் ஆவணம். எந்தப் பாகம் கிடைக்கவில்லை, அதற்கு ஈடாக எது வந்தது, யார் கை தேர்ந்தது என்பதை வேறெந்தக் கோப்பும் சொல்லாது. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் கருவியில் கம்பி சுற்றத் தண்ணீர்க் குழாய் வாஷர் பயன்பட்டது. அந்தக் கைப்பழக்கத்தின் முன்வரலாறு இப்பெட்டிகளில்தான் இருக்கிறது.

1942இல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய காங்கிரஸ் வானொலியை எண்ணிப்பாருங்கள். நரிமன் பிரிண்டர் என்ற வானொலி வல்லுநர் பரப்பியை உருவாக்கினார். ஆகஸ்டில் ஒலிக்கத் தொடங்கிய குரல் நவம்பரில் காவல்துறையினரால் அடக்கப்பட்டது. அதன் அரசியலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். பரப்பியைச் சேர்த்த கைகளின் நுட்பத்தைப் பற்றி எவ்வளவு எழுதினோம்?

இப்பெட்டிகள் அழிவதற்குச் சட்டமும் ஒரு காரணம். உரிமமின்றி வானொலிக் கருவி வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 2023இல் வேறு சட்டம் இயற்றப்பட்ட பிறகும் அந்த அச்சம் வீடுகளில் தங்கியிருக்கிறது. ஹாம் ஒருவர் மறைந்தால், பரப்பியை என்ன செய்வதென்று அறியாத குடும்பம் அதைப் பழைய இரும்போடு சேர்த்துவிடுகிறது.

ஆகவே துறைத்தலைவர்களுக்கும் ஆய்வக நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிடங்கைக் காலி செய்யுமுன் பெட்டிகளைத் திறந்து அடித்தட்டின் இருபுறமும் படமெடுங்கள். ஒட்டியிருக்கும் தாள்களைக் கிழிக்காதீர்கள். புதுவண்ணம் பூசிக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கவும் வேண்டாம்.

கபாடிவாலாவிடமிருந்து என்னால் மீட்க முடிந்தது மின்மாற்றி ஒன்றைத்தான். அதன் மேற்சுற்றுத் தாளில் யாரோ பென்சிலால் சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறித்து, ஒருமுறை அடித்துத் திருத்தியிருக்கிறார்.