பழசும் ஓடணும், புதுசும் வரணும்

லினக்ஸில் ஒரு லைப்ரரி பேக்கேஜைப் புதுசாக்கணும்னு சொன்னாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். ‘ஓடுறதை ஏன்யா நோண்டுறே’ன்னு ஒண்ணு, ‘பழசைத் தூக்கிக் கடாசு’ன்னு இன்னொண்ணு.

எஸ்டிஎல்-ஐ எடுத்துக்குங்க. கேம்களுக்குத் திரை, ஒலி, கீபோர்டு எல்லாத்தையும் பார்த்துக்கற லைப்ரரி. 1.2 வரிசையில் 1.2.15 வந்தது 2012ல். அதுக்கு வேலண்டில் நேரா ஓடத் தெரியாது. 2013ல் வந்த 2.0லயோ ஃபங்ஷன்களே மாறிப்போச்சு. சோர்ஸ் கோடு கிடைக்காத பழைய கேமை யார் திருத்தறது?

என்னைக் கேட்டா, 2021ல் ஃபெடோரா 35 செஞ்சதுதான் சரி. 1.2 இருந்த இடத்துல எஸ்டிஎல்12-காம்பேட்டை வெச்சாங்க. வெளியே அதே பழைய ஃபங்ஷன்கள், உள்ளே உழைக்கறது எஸ்டிஎல் 2. கேமுக்கு ஆள் மாறினதே தெரியாது :-)

வெர்ஷன் நம்பரை யார் வேணா ஏத்தலாம்ங்க. பழைய புரோகிராமை நடுத்தெருவுல விடாம ஏத்தறதுதான் பேக்கேஜ் பண்றவரோட வேலை.