சாமி தடுக்கவில்லை, வம்சம் தடுக்கிறது

2014 நவம்பர். "டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்" என்ற கம்ப்யூட்டர் கேம் வெளிவரும் நேரம். இந்தியாவிலும் பலர் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் மட்டும் அதை வாபஸ் வாங்கியது. இங்குள்ள சட்டத்தை மீறிவிடக் கூடாது என்பதற்காகவாம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அரசாங்கம் தடை போடவில்லை. கோர்ட் உத்தரவும் இல்லை. சினிமாவுக்கு இருப்பதுபோல் கேமுக்கு இங்கே சென்சார் போர்டும் கிடையாது. யாரும் அடிக்கவில்லை, ஆனாலும் முதுகைத் தடவிக்கொண்டே ஓடிய கதைதான்.

எந்தக் காட்சி பிரச்சினை என்று நிறுவனம் சொல்லவில்லை. ஆனால் கேமர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். அந்த கேமில் ஆண் ஆணைக் காதலிக்கலாம், பெண் பெண்ணைக் காதலிக்கலாம். அதற்கு முந்தைய வருஷம், 2013 டிசம்பர் 11 அன்றுதான் உச்ச நீதிமன்றம் 377-வது பிரிவுக்குத் திரும்ப உயிர் கொடுத்திருந்தது. பயம் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

சரி, அந்த கேமுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

கதை நடக்கும் உலகத்தின் பெயர் தீடாஸ். (பெரிய புராணப் பெயர் என்று நினைக்காதீர்கள், "தி டிராகன் ஏஜ் செட்டிங்" என்ற வார்த்தைகளின் முதலெழுத்துகள்தான் அது!) மந்திரம், டிராகன், வாள் சண்டை எல்லாம் உண்டு. ஆனால் கதையின் முதுகெலும்பு மதம்தான். சான்ட்ரி என்ற திருச்சபை அங்கே பேரரசுகளையே ஆட்டி வைக்கிறது. அதில் குருமார்கள் பெண்கள், தலைமை குருவும் பெண்ணே. டெவின்டர் என்ற ஒரு நாட்டில் மட்டும் ஆண்களும் குருவாகலாம். இந்த மதத்தின் நடுவில் நிற்பவள் ஆண்ட்ராஸ்டே என்ற மானிடப் பெண். ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவள். படைத்தவனை நோக்கிப் பாடினாள், அவன் மனம் இரங்கினான், அவளைத் தன் மணமகளாக ஏற்றான். பக்தர்கள் அவளை அழைப்பதே "படைத்தவனின் மணமகள்" என்றுதான்.

எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? எம். புதுப்பட்டியில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் அதிக தூரமில்லை. அங்கே துளசிச் செடியடியில் கிடைத்த ஒரு பெண் குழந்தை வளர்ந்து, மானிடருக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று சொல்லி, அரங்கனையே மணந்தாள். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தானே முதலில் சூடிப் பார்த்தாள். அவள் பெற்றோர் யார், குலம் என்ன, கோத்திரம் என்ன என்று கதை சொல்வதில்லை. பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார், அவ்வளவுதான்.

ஆண்டாள் எழுதியது 30 பாட்டுத் திருப்பாவை மட்டுமில்லை. 143 பாட்டு நாச்சியார் திருமொழியும் அவளுடையதுதான். திருப்பாவை மார்கழி மாசம் ஸ்பீக்கரில் ஒலிக்கும். நாச்சியார் திருமொழியில் "வாரணமாயிரம்" பகுதி கல்யாண வீட்டில் கேட்கும், மற்றதைப் பலரும் தொடுவதில்லை. அதில் ஒரு பெண் தன் உடம்பின் தவிப்பை, மார்பின் ஏக்கத்தை ஒளிக்காமல் பாடுகிறாள். உரை எழுதிய பெரியவர்கள் ஜீவாத்மா, பரமாத்மா என்று விளக்கினார்கள். ஆனால் ஒரு பாட்டையும் வெட்டி எறியவில்லை. பெருமாள் சன்னதியில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

ஆண்டாளையும் கற்பனை கேமையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று சிலருக்குக் கோபம் வரலாம். வைக்க வேண்டாம். ஒன்று பக்தி, இன்னொன்று வியாபாரம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. மதமும் ஆசையும் ஒரே கதையில் வந்தால் இந்த மண்ணின் கலாச்சாரத்துக்கு ஒத்துவராது என்கிறார்களே, அந்த மண் எது?

இப்போது கேமுக்குத் திரும்புவோம். ஒரு ஆண் ஆணை விரும்பினால் அது பாவம் என்று தீடாஸின் திருச்சபை சொல்வதில்லை. அங்கே சாதாரண ஜனங்களுக்கு அது அவரவர் சொந்த விஷயம். சொத்தும் பட்டமும் உள்ள பெரிய வீடுகளில்தான் சிக்கல். அங்கே வாரிசு வேண்டும்.

டோரியன் என்ற பாத்திரம் அப்படியொரு வீட்டுப் பிள்ளை. டெவின்டர் நாட்டு மந்திரவாதி. அந்த நாட்டில் பல தலைமுறையாக ஜாதகம் பார்ப்பது போல ரத்தம் பார்த்துக் கல்யாணம் செய்வார்கள், மந்திர சக்தி குறையக் கூடாது என்று. டோரியனுக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை. வெளியே தெரியாமல் எப்படியும் இருந்துகொள், ஆனால் கல்யாணம் பண்ணிக்கொண்டு வாரிசு கொடு என்பதுதான் அந்த வீடுகளின் தர்மம். அவன் மறுக்கிறான். அப்பா என்ன செய்கிறார்? ரத்த மந்திரத்தால் மகனின் மனசையே மாற்றப் பார்க்கிறார். தவறினால் மகனின் மூளையே கலங்கிவிடும். அதே அப்பாதான் ரத்த மந்திரம் கேவலம் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பிற்பாடு ஒரு சத்திரத்தில் அப்பாவும் மகனும் சந்திக்கிறார்கள். நின்று பேசுவதா, திரும்பிப் பார்க்காமல் போவதா என்று விளையாடுபவர் முடிவு செய்யலாம். டிராகனைக் கொல்வதை விட அந்த முடிவு கஷ்டம்.

ரத்த மந்திரம் கற்பனை. மகனை, மகளை "மாற்றிவிடலாம்" என்ற நம்பிக்கை கற்பனை இல்லை. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ முடிவெடுத்துச் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர்கள் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். அந்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரின் பாலியல் நாட்டத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்தார். தீர்ப்புக்கு முன்னால் அவரே ஒரு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார் என்பதுதான் அந்த வழக்கில் அழகான விஷயம். டோரியனின் அப்பாவுக்கு அந்த யோசனை வரவில்லை.

மதத்துக்கு இதில் பங்கே இல்லை என்று சொன்னால் அது பொய். 377 திரும்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனவர்களில் மத அமைப்புகளும் இருந்தன. ஆனால் வீட்டுக்குள் சண்டை வரும்போது யாரும் வேதத்தையோ பைபிளையோ குர்ஆனையோ திறந்து பக்கம் காட்டுவதில்லை. வருகிற வார்த்தைகள் வேறு: நாலு பேர் என்ன சொல்வாங்க, குடும்ப மானம் என்னாவது, வம்சம் என்னோட முடியணுமா. சாதி விட்டுக் கல்யாணம் பண்ணும் ஆண், பெண் ஜோடிக்கும் இதே வசனம்தானே? சாமி பெயர் முன்னால் நிற்கிறது, பின்னால் நின்று பேசுவது சொத்தும் குலமும்.

2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்த இருவர் சம்மதித்தால் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. சட்டத்தைக் காட்டிப் பயப்படுவதற்கான காரணம் போயிற்று. வீட்டுப் பயம் போக எந்த அமர்வு உட்காரும்?

குலம் கோத்திரம் தெரியாத ஒரு பெண் தனக்கு வேண்டியவனைத் தானே தேர்ந்தெடுத்தாள். வளர்த்த அப்பா அவளை மாற்றப் பார்க்கவில்லை, ஸ்ரீரங்கம் வரை கூட்டிக்கொண்டு போய் விட்டார். ஆடிப்பூரத்துக்கு அவள் தேரை இழுக்க அத்தனை ஊரும் திரள்கிறது. வடம் பிடிக்கும் அப்பாக்கள், மகளைத் தேர் பார்க்கத் தோளில் தூக்கி வைத்திருக்கும் அப்பாக்கள், பெரியாழ்வார் செய்ததையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.